சோடா தனியாகப் பொங்காது!
கேக்கில் தயிருக்கும் பாலுக்கும் நடுவே ஒரு புளிப்புக் கணக்கு

பிளவக்கல் அணைக்குப் போகிற பாதையில் இருக்கிறது கூமாபட்டி. 2025-ல் ஒரு ரீல்ஸ் வீடியோவால் தமிழ்நாடே பேசிய அதே கூமாபட்டிதான். மேற்கே மலை, மலையடியில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள், சுற்றிலும் தென்னந்தோப்பும் வயலும். இந்த மாதிரி ஊர்களில் பிறந்த நாளுக்கு கேக் வேண்டுமென்றால் முன்பெல்லாம் பஸ் ஏறித்தான் போக வேண்டும். இப்போது அப்படியில்லை. கொரோனா ஊரடங்கில் குக்கருக்குள் மணலைக் கொட்டி கேக் செய்து பழகிய பெண்கள் பலர், சின்னதாக ஒரு அவன் வாங்கி வைத்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறார்கள்.

வத்திராயிருப்புப் பக்கம் அப்படி கேக் செய்துகொடுக்கும் ஒரு அக்கா, பேச்சுவாக்கில் ஒரு விஷயத்தைச் சொன்னார்.

‘‘இங்கே முட்டை போடாத கேக்தான் அதிகம் கேட்பாங்க. ஒரு கப் தயிர், அரை டீஸ்பூன் ஆப்ப சோடா, கொஞ்சம் பேக்கிங் பவுடர். இதுதான் என் கணக்கு. ஒரு நாளும் தப்பினதில்ல. அன்னிக்கு வீட்டுல தயிர் தீர்ந்துபோச்சு. தயிரும் பால்ல இருந்து வந்ததுதானேன்னு அதே ஒரு கப் பாலை ஊத்தினேன். கேக் அரைகுறையா எழும்பி நின்னுச்சு. மேல் பக்கம் கறுத்துப்போச்சு. ஓரத்தைக் கிள்ளி வாயில போட்டா சோப்பு மாதிரி ஒரு ருசி. மாவு, சர்க்கரை, எண்ணெய், கரன்ட்டு எல்லாம் போனாக்கூட பரவால்ல, சாயங்காலம் மெழுகுவத்தி ஊதக் காத்திருக்குற பிள்ளைக்கு என்ன சொல்றது? பாலுக்கும் தயிருக்கும் அப்படி என்னங்க பெரிய வித்தியாசம்?’’

நூறு மடங்கு வித்தியாசம், அக்கா. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. புளிப்பை அளக்க விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பி.ஹெச். அளவுகோலில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே போகப் போக அமிலம், மேலே போகப் போக காரம். (மிளகாய்க் காரம் இல்லை, சுண்ணாம்பு, சோப்பு, சோடா வகை.) கறந்த பால் 6.6-லிருந்து 6.8 வரை நிற்கும், கிட்டத்தட்ட நடுநிலை. நன்றாக உறைந்த தயிர் 4-க்கும் 4.5-க்கும் நடுவில். இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும், இரண்டு படி இறங்கினால் நூறு மடங்கு. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையை பாக்டீரியாக்கள் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுவதால்தான் ராத்திரி பாலாக இருந்தது காலையில் தயிராகிறது.

ஆப்ப சோடாவுக்கு இந்த அமிலம்தான் வேண்டும்.

கேக்குக்குள் சலவைச் சோடா

பலசரக்குக் கடையில் போய் ‘சோடா கொடுங்க’ என்றால் அண்ணாச்சி ‘எந்த சோடா?’ என்று திருப்பிக் கேட்பார். கேட்க வேண்டியதுதான். சமையலுக்குப் போடுவது சோடியம் பைகார்பனேட். துணி வெளுக்கப் போடுவது சோடியம் கார்பனேட். பெயரில் ‘பை’ என்ற ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

ஆப்ப சோடாவுக்குள் கார்பன் டை ஆக்ஸைடு வாயு கட்டுண்டு கிடக்கிறது. அமிலம் பட்டவுடன் அது முழுதாக வெளியே வரும். மிச்சம் இருப்பது தண்ணீரும், அந்த அமிலத்தின் ஒரு சாதுவான உப்பும் மட்டுமே. வெளியே வரும் வாயு மாவுக்குள் குமிழ் குமிழாகச் சிக்கிக்கொள்கிறது. சூட்டில் குமிழ்கள் விரிகின்றன, அவற்றைச் சுற்றியுள்ள மாவு வெந்து இறுகுகிறது. கேக்கை வெட்டும்போது தெரிகிற கண் கண்ணான ஓட்டைகள் எல்லாம் அந்த வாயு உட்கார்ந்திருந்த இடங்கள். அரை டீஸ்பூன் சோடாவுக்குப் போதுமான அமிலம் கிடைத்தால் வருகிற வாயு, நம் வீட்டு வெப்பநிலையில் அளந்தால், சுமார் 650 மில்லி. அரை டீஸ்பூனுக்குள் முக்கால் லிட்டர் பாட்டிலைக் கிட்டத்தட்ட நிரப்புகிற அளவு காற்று!

அமிலம் இல்லாவிட்டால்? சோடா சும்மா இருக்காது. சூடு ஏறும்போது அது தானாக உடையும். ஆனால், இரண்டு பங்கு சோடா சேர்ந்து ஒரு பங்கு வாயுவைத்தான் விடும். அதாவது பாதி வாயுதான் வரும். கூடவே ஒரு பங்கு சோடியம் கார்பனேட் மிஞ்சும். அண்ணாச்சி கடையில் துணிக்கென்று கொடுப்பாரே, அதே சலவைச் சோடா! அக்காவின் நாக்கில் பட்ட சோப்பு ருசி அதுதான். அவன் சரியில்லை, மைதா சரியில்லை என்றெல்லாம் தேட வேண்டியதில்லை. தயிர் இல்லாத அந்த மாவில் கேக் வேகும்போதே சலவைச் சோடாவும் தயாராகிக்கொண்டிருந்தது.

மேல் பக்கம் கறுத்ததற்கும் அதுவே காரணம். சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து சிவக்கிற வினை, காரத்தன்மை உள்ள இடத்தில் வேகமாக நடக்கும். பஜ்ஜி மாவில் சோடா கொஞ்சம் கூடினால் உள்ளே வேகும் முன்பே வெளியே சிவந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த கேக் அரைகுறையாகவாவது எழும்பியது பேக்கிங் பவுடரின் புண்ணியம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

வீட்டில் இரண்டு சோடா டப்பாவும் இருந்து, லேபிள் உரிந்துபோய் எது எது என்று தெரியாவிட்டால், ருசி பார்க்க வேண்டாம். சலவைச் சோடா வாயையும் தொண்டையையும் புண்ணாக்கிவிடும். மஞ்சள்தூளைக் கரைத்த தண்ணீரை இரண்டு கிண்ணங்களில் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சோடாவைப் போடுங்கள். ஆப்ப சோடா போட்டது லேசாக ஆரஞ்சுப் பக்கம் திரும்பும். சலவைச் சோடா போட்டது அடர்ந்த சிவப்பாக மாறும். கல்யாண வீட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கரைத்து ஆரத்தி எடுக்கிறோமே, அதே வித்தை. வெள்ளைச் சட்டையில் சிந்திய சாம்பார்க் கறை சோப்பு பட்டதும் சிவந்து நம்மைப் பதறவைப்பதும் இதேதான்.

பெயரிலேயே இருக்கிறது பாடம்

யோசித்துப் பாருங்கள், இதற்கு ‘கேக் சோடா’ என்று நாம் பெயர் வைக்கவில்லை. ‘ஆப்ப சோடா’ என்றுதான் சொல்கிறோம். ஆப்ப மாவு ராத்திரி முழுக்கப் புளிக்கிறது. இட்லி மாவைப் போலவே அதிலும் லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள்தான் வேலை செய்கின்றன. காலையில் ஊற்றப்போகும் நேரத்தில் ஒரு சிட்டிகை சோடாவைத் தண்ணீரில் கரைத்துச் சேர்க்கிறார்கள். புளித்த மாவின் அமிலம் சோடாவைச் சந்திக்கிறது, வாயு வருகிறது, நடுப் பகுதி பஞ்சு போல எழும்புகிறது, கூடவே புளிப்பும் தணிகிறது. கேக் என்ற சொல்லே நம் சமையலறைக்குள் வராத காலத்தில், அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைக் கையால் அறிந்துவைத்திருந்தார்கள்.

இன்னொன்றையும் அறிந்திருந்தார்கள். சோடாவை ராத்திரியே போட மாட்டார்கள். அமிலத்தைத் தொட்ட நொடியிலேயே வாயு வெளியேறத் தொடங்கிவிடும், காத்திருக்காது. கேக்குக்கும் இதே சட்டம்தான். தயிரில் சோடா கலந்து மாவைச் சேர்த்த பிறகு, டின்னுக்கு எண்ணெய் தடவவில்லையே என்று தேடக் கூடாது. அவன் முதலிலேயே சூடாகியிருக்க வேண்டும், டின் தயாராக இருக்க வேண்டும். கடைசியில்தான் சோடா. போட்டபின் அதிகம் அடிக்கவும் கூடாது, பிடித்துவைத்த வாயுவை நாமே வெளியேற்றுவது போலாகிவிடும்.

ஒரு கப்புக்கு அரை டீஸ்பூன்

இப்போது அக்காவின் அளவைப் பார்ப்போம். ஒன்றரை கப் மைதா, ஒரு கப் தயிர், முக்கால் கப் சர்க்கரை, அரை கப் எண்ணெய், அரை டீஸ்பூன் ஆப்ப சோடா, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கொஞ்சம் வெனிலா எசன்ஸ். 180 டிகிரியில் 35-லிருந்து 40 நிமிடம். முட்டை இல்லாத தயிர் கேக்குக்குப் பலரும் பயன்படுத்துகிற அளவு இதுதான். யாரோ குத்துமதிப்பாகப் போட்ட அளவு போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அசந்துபோவீர்கள்.

தயிரில் நூற்றுக்கு சுமார் ஒரு பங்கு லாக்டிக் அமிலம். 240 மில்லி பிடிக்கும் ஒரு கப்பில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். அந்த அமிலத்தால் ஈடுகட்ட முடிகிற சோடா, ஏறக்குறைய இரண்டு கிராம். அரை டீஸ்பூன் சோடாவின் எடை என்ன? தலைதட்டி அளந்தால் இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் மேல். தராசில் வைத்தது போல் இரண்டும் சமம்! ஒரு கப் தயிருக்கு அரை டீஸ்பூன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், முக்கால்வாசி முட்டையில்லாத கேக் ரெசிப்பிகளைப் படித்த உடனேயே சரியா தவறா என்று சொல்லிவிடலாம். யூடியூபில் ஒருவர் அரை கப் தயிருக்கு ஒரு டீஸ்பூன் சோடா போடச் சொன்னால், மிச்சம் முக்கால் டீஸ்பூனுக்கு அமிலம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள்.

இங்கே ஒரு நெளிவு சுளிவு இருக்கிறது. எல்லாத் தயிரும் ஒரே புளிப்பு இல்லை. பாக்கெட் தயிர் பெரும்பாலும் மென்மையாக இருக்கும். சித்திரை வெயிலில் வெளியே வைத்த வீட்டுத் தயிர், மதியத்துக்குள் பல் கூசும். அதிகம் புளித்த தயிரில் அதே அரை டீஸ்பூன் போட்டால் அமிலம் மிஞ்சும். அப்போது கேக்கில் புளிப்பு தட்டும், மேல் பக்கம் சிவக்காமல் வெளிறிப்போய் இருக்கும். ஆகவே, கேக்குக்குத் தயிரை எடுக்கும்போது ஒரு சொட்டு நாக்கில் வையுங்கள். சாதத்துக்குப் பிசைந்து சாப்பிடுகிற பதத்தில் இருந்தால் கணக்கு சரி. மோர்க்குழம்புக்குப் போகிற பதம் என்றால் கொஞ்சம் பாலைக் கலந்து புளிப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

தயிரே இல்லாத நாளில்? தெற்கே கொஞ்சம் தள்ளி எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன புளியங்குடி இருக்கிறது. எலுமிச்சைச் சாறில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு சிட்ரிக் அமிலம். அரை டீஸ்பூன் சோடாவை ஈடுகட்ட இரண்டு டேபிள்ஸ்பூன் சாறு வேண்டும், அதாவது நடுத்தர அளவில் ஒன்றரை அல்லது இரண்டு பழம். அந்தச் சாற்றை அளவுக் கப்பில் ஊற்றி, மீதியைப் பாலால் நிரப்பிப் பத்து நிமிடம் வையுங்கள். பால் திரிந்து மோர் போலாகும், பயப்பட வேண்டாம், அதுதான் நமக்கு வேண்டும். வினிகரும் ஏறத்தாழ இதே அளவுதான். அன்றைக்கு அந்தப் பாலில் இரண்டு பழத்தைப் பிழிந்திருந்தால் கேக் பிழைத்திருக்கும்.

மனைவிக்காகப் பிறந்த பவுடர்

பேக்கிங் பவுடர் என்பது சோடாவையும் அமிலத்தையும் ஒரே டப்பாவில் அடைத்த ஏற்பாடு. அமிலத்தை நீர்ப்பசை இல்லாத தூளாக வைத்து, நடுவில் சோள மாவைப் போட்டு இரண்டையும் பிரித்துவைத்திருக்கிறார்கள். ஈரம் படும்வரை இரண்டும் சண்டை போடாது.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட் 1843-ல் இதை உருவாக்கினார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது, முட்டையும் ஒத்துக்கொள்ளாது. ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி எழும்ப வேண்டும் என்பதற்காகத் தேடியதில் கிடைத்தது இது. முட்டையில்லாத கஸ்டர்டு பவுடரும் அவர் கண்டுபிடிப்பே. மனைவிக்கு ஒரு ரொட்டித் துண்டு கொடுக்க இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் மனிதர்! பிறகு 1856-ல் அமெரிக்காவில் எபென் ஹார்ஸ்ஃபோர்டு என்ற ஹார்வர்டு பேராசிரியர், கால்சியம் பாஸ்பேட் வகை அமிலத்துக்குக் காப்புரிமை வாங்க, பேக்கிங் பவுடர் மலிவாகிப் பரவியது.

இன்று கிடைக்கும் பவுடர்களில் பெரும்பாலும் இரண்டு வகை அமிலங்கள் இருக்கும். ஒன்று ஈரம் பட்டதும் வேலை செய்யும், மற்றது சூடு பட்ட பிறகுதான் விழிக்கும். மாவு கொஞ்ச நேரம் காத்திருந்தாலும் கேக் எழும்புவது இதனால்தான். ஆனால், டப்பாவில் சோடா கொஞ்சமும் மற்றவை அதிகமும் இருப்பதால், பேக்கிங் பவுடரின் வேகம் சோடாவில் மூன்று, நான்கில் ஒரு பங்குதான். ‘பேக்கிங் பவுடர் இல்லை, அதே அளவு சோடா போட்டுட்டேன்’ என்று சொல்வது, கல் உப்புக் கரண்டியால் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்ட மாதிரி. தயிரோ வேறு புளிப்போ இல்லாத, வெறும் பால் கேக் என்றால் சோடாவை ஒதுக்கிவிட்டு, ஒரு கப் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் என்று போனாலே போதும்.

கோகோ, பீட்ரூட், கருப்பட்டி

ஆர்டர் எடுப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது கோகோ. இயல்பான கோகோ தூள் அமிலத்தன்மை உள்ளது. ஆனால், 1828-ல் கோகோவைப் பிழியும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிய நெதர்லாந்துக் குடும்பத்தின் வான் ஹூட்டன், தூளைக் கார உப்பால் பதப்படுத்தும் முறையையும் கொண்டுவந்தார். கசப்பு குறையும், நிறம் கறுக்கும், தண்ணீரில் எளிதாகக் கலக்கும். அமிலமும் போய்விடும்! கடையில் ‘டார்க் கோகோ’ என்று கிடைப்பது பெரும்பாலும் இந்த வகை. கோகோவை நம்பி சோடா போடச் சொல்லும் ரெசிப்பியில் இதைப் போட்டால் சோடாவுக்குத் துணை இருக்காது. பாக்கெட்டின் பின்னால் அமிலச் சீராக்கி என்று 500 அல்லது 501 எண் போட்டிருந்தால் அது பதப்படுத்திய கோகோ. அதற்கு பேக்கிங் பவுடர்தான் தோது.

பீட்ரூட் சாறு ஊற்றி ‘செயற்கை நிறம் இல்லாத சிவப்பு கேக்’ செய்யப் பார்த்து, வெட்டும்போது மண் நிறத்தில் வந்ததைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். பீட்ரூட்டின் சிவப்பு அமிலத்தில் நிலைக்கும், காரத்தில் மஞ்சளாகிப் பழுப்பாகிவிடும். அவனின் நீண்ட சூடும் அதைக் குலைக்கும். சோடாவைக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டினால் ஓரளவு காப்பாற்றலாம். முழுச் சிவப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

வெல்லமும் கருப்பட்டியும் லேசான அமிலம். வெல்லப் பாயசத்தில் சூடாகப் பாலை ஊற்றினால் சில நேரம் திரிந்துவிடுகிறதே, அது அந்த அமிலத்தின் வேலை. ஆனால், ஒவ்வொரு ஊர் வெல்லமும் ஒவ்வொரு விதம், சாறு காய்ச்சும்போது சுண்ணாம்பு சேர்ப்பதும் உண்டு. அதனால் வெல்லத்தை மட்டும் நம்பி சோடா போட வேண்டாம், தயிர் கூட இருக்கட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சோடாவுக்கு இடமில்லை

மலையடிவாரத்து ஊர்களின் பால் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்பு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற இனிப்பு. சேர்மானம் பாலும் சர்க்கரையும்தான். கேக்கில் அமிலத்தைத் தேடி அலைகிற நாம், இங்கே அதே அமிலம் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று காவல் நிற்க வேண்டும். கறந்த பால் வெயிலில் காத்திருந்தால் லாக்டிக் அமிலம் மெல்ல மெல்லக் கூடும். குடிக்கும்போது நாக்குக்குத் தெரியாத அளவாக இருக்கலாம். ஆனால், விறகு அடுப்பில் பால் சுண்டச் சுண்ட அமிலமும் செறிவாகும், ஒரு கட்டத்தில் புரதம் திரளும். வழவழப்பாக வர வேண்டியது மணல் மணலாகிவிடும். (அந்த மணல் பதம் வேண்டும் என்றே திரட்டுப்பாலில் சிலர் ஒரு சொட்டு எலுமிச்சை விடுவார்கள். அது வேறு பண்டம், வேறு ரசனை.)

இங்கேதான் சோடா ஒரு திருட்டு வேலைக்கும் பயன்படுகிறது. புளிக்கத் தொடங்கிய பாலில் கொஞ்சம் சோடா கலந்தால் அமிலம் சமனாகிவிடும், பால் காய்ச்சினாலும் திரியாது. நல்ல பால் போலவே தெரியும். புளிப்பு மறையும், புளிக்கவைத்த பாக்டீரியாக்கள் அப்படியே இருக்கும். கெட்டுப்போனதை நமக்குச் சொல்லும் ஒரே அறிகுறியையும் அழித்துவிடுகிற வேலை இது. அதனால்தான் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பாலில் சோடா உள்ளிட்ட இந்தச் ‘சமனாக்கிகளை’ அனுமதிப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் பாலோடு ஆல்கஹாலும் ரோசாலிக் அமிலமும் சேர்த்துப் பார்ப்பார்கள். ரோஜாச் சிவப்பு வந்தால் கலப்படம்.

இதே சோடாவை வெளிப்படையாகப் பாலில் போடுகிற நாடும் உண்டு. அர்ஜென்டினாவில் பாலையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சி ‘டல்சே டி லெச்சே’ என்று ஒரு இனிப்பு செய்கிறார்கள். நம் பால்கோவாவுக்கு தூரத்துச் சொந்தம். அதில் சிட்டிகை சோடா சேர்ப்பது வழக்கம். பால் திரியாது, நிறம் நன்றாகப் பழுக்கும். கேக்கின் மேல் பக்கத்தைக் கறுக்கவைத்த அதே வினை, அங்கே அழகான கேரமல் நிறம் தருகிறது. எனக்கென்னவோ ஸ்ரீவில்லிபுத்தூரின் அந்த இளம் சந்தன நிறமே போதும்.

தூத்துக்குடிக்குப் போன புகை

சோடா மண்ணிலிருந்து தோண்டி எடுப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. சில நாடுகளில் அப்படியும் கிடைக்கிறது. பெரும்பாலும் உப்பிலிருந்து செய்கிறார்கள். உப்புக் கரைசலில் அமோனியாவையும் கார்பன் டை ஆக்ஸைடையும் செலுத்தினால் சோடியம் பைகார்பனேட் படியும். பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே 1860-களில் இதைத் தொழிலாக்கினார். உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடியிலும் இப்படி ஒரு ஆலை உண்டு, தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ்.

2017 தொடக்கத்தில் அந்த ஆலை உலகச் செய்தியானது. தன் நிலக்கரி கொதிகலனின் புகையிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடைப் பிரித்தெடுத்து, அதையே சோடா தயாரிக்கப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிக்கும் திட்டம். அந்தத் தொழில்நுட்பத்தைத் தந்தவர்கள், கரக்பூர் ஐ.ஐ.டி-யில் படித்த இரண்டு இளைஞர்கள் தொடங்கிய நிறுவனம். பெரிய விஷயம்தான். ஆனாலும் நம் சமையலறையிலிருந்து பார்த்தால் ஒரு சின்னச் சிரிப்பு வருகிறது. இப்படிப் பிடித்த வாயு சமையல் சோடாவாகி ஒரு கேக்குக்குள் போனால், தயிரைச் சந்தித்த அடுத்த நிமிடமே அது மறுபடி வெளியே வந்துவிடுமே!

அளவும் டப்பாவும்

வீட்டில் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருந்தால் ஒரு கணக்கைக் கவனியுங்கள். அரை டீஸ்பூன் ஆப்ப சோடாவில் சுமார் 630 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தயிரோடு சேர்ந்து வினை முடிந்த பிறகும் சோடியம் எங்கும் போய்விடாது, கேக்கில்தான் இருக்கும். பத்துப் பேர் பங்குபோடும் கேக்கில் இது பெரிய அளவில்லை. தினமும் கொண்டைக்கடலை வேக, துவரம்பருப்பு குழைய என்று குக்கரில் சோடா போடுவதுதான் யோசிக்க வேண்டிய பழக்கம். பருப்பிலிருக்கும் பி1 வைட்டமினையும் காரம் அழித்துவிடும். அதற்கு ஊறவைக்கும் நேரத்தைக் கூட்டுவதே நல்லது.

சோடாவும் பேக்கிங் பவுடரும் பழசானால் சக்தி இழக்கும். பவுடர் சீக்கிரமே போய்விடும், அடைமழைக் காலத்து ஈரக்காற்றே அதற்குள் இருக்கும் அமிலத்தை எழுப்பிவிடப் போதும். ஆர்டர் கேக் செய்யும் நாளில், மாவை அளப்பதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். சோடா என்றால் கால் டீஸ்பூனில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். பேக்கிங் பவுடர் என்றால் அரை டீஸ்பூனில் வெந்நீர் ஊற்றுங்கள். இரண்டிலும் சுறுசுறுவென நுரை பொங்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழ் மட்டும் வந்தால் அந்த டப்பாவை சிங்க் கழுவ வைத்துக்கொண்டு, அண்ணாச்சி கடைக்கு ஆள் அனுப்புங்கள். புதிதாகப் பிரித்த டப்பாவின் மூடியில் அன்றைய தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள். ஈரக் கரண்டியை மட்டும் உள்ளே விடாதீர்கள்.